ராகு காலத்தில் ஒட்டிய ஆடி

20 ஜனவரி 2025, திங்கள்

இன்று பல்லி. தூசி படாத மேசை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த ஒரே மேசையில், அப்போதுதான் பசை தடவி வைத்த கண்ணாடித் துண்டின் மேல், கூரையிலிருந்து நேராக விழுந்தது. வாலை விட்டுவிட்டு ஓடிவிட்டது. வால் பசையில் ஒட்டிக்கொண்டது.

ஸியாம் குனிந்து பார்த்தார். எங்கள் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையின் தொழினுட்ப உத்தியோகத்தர், எதற்கும் பதறமாட்டார். "மிஸ், இந்த ஒட்டு நல்லாப் புடிச்சிரிக்கி. எழுதி வைங்க" என்றார். சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். சிரித்துவிட்டேன்.

பல்லி விழுந்த பலன் என்னவென்று அம்மாவுக்கு ஃபோன் எடுத்துக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கலாநிதிப் பட்டம் பெற்றவள் நான். கேட்கவில்லை. பலன் எனக்கா கண்ணாடிக்கா என்றும் தெரியவில்லை.

27 ஜனவரி, திங்கள்

ஆடிக்கான சிலிக்கன் வந்துவிட்டது. ஒரு முழ நீளம்கூட இல்லை. முதுகு சாம்பல் நிறம். முகம் அப்படியொரு மினுக்கம். இங்க்ரிட் வெளிநாட்டிலிருந்து ஒன்றே ஒன்றுதான் அனுப்பியிருக்கிறார். இன்னொன்று கேட்டால் தரமாட்டார், கேட்கவும் முகமில்லை.

இரவுச் சாப்பாட்டில் உதயன் கேட்டார்: "நீ அங்க என்னத்தத்தான் கா ஒட்டுற?" மனைவி செய்யும் வேலை கணவனுக்குத் தெரியவில்லை என்றால் பிழை மனைவியுடையதுதான். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிப் பழகுகிறேன்.

எக்ஸ் கதிர் சாதாரண ஆடியில் பட்டுத் திரும்பாது, உள்ளே போய்விடும். மேற்பரப்பை உரசினாற்போல மிகச் சாய்வாக வந்தால் மட்டும் தெறிக்கும் — வாவியில் ஓட்டுத்துண்டைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படி. தெறித்த கதிர் ஒரு புள்ளியில் குவிய ஆடி வளைந்திருக்க வேண்டும். வேண்டியபோது வேண்டிய அளவு வளைய, அதன் முதுகில் பீசோ என்ற பீங்கான் பட்டிகளை ஒட்டுவோம். மின் கொடுத்தால் பட்டி சற்றே நீளும் அல்லது சுருங்கும். ஆடியும் கூடவே வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவு. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது நடுவிலுள்ள பசை. அது எங்கும் ஒரே தடிப்பாக, குமிழி இல்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

இதை ஏன் மட்டக்களப்பில் செய்கிறேன்? இங்க்ரிட் எனக்கு அங்கே கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பித்தவர். எக்ஸ் கதிர் எழுப்பும் அவர்களுடைய பெரிய வளையத்தில் உள்ள ஆடிகள் சில வருடங்களில் வடிவம் மாறுகின்றன. ஏனென்று யாருக்கும் நிச்சயமில்லை. பசை ஈரம் குடிக்கிறது என்பது என் எண்ணம். "உங்கள் காற்று பத்து வருடத்தில் செய்வதை எங்கள் வாவிக்காற்று ஒரு மாரியில் செய்துவிடும், இங்கே ஒட்டிப் பார்க்கலாம்" என்று எழுதினேன். பகிடி என்று நினைத்திருப்பார். ஆனாலும் சம்மதித்தார்.

ஒக்டோபரில் அங்கே கதிர்க்கற்றையில் சோதனை. எங்கள் ஆடி வடிவம் மாறாமல் நின்றால், அடுத்த மூன்று வருட ஒட்டுவேலை இங்கே வரும். நிற்காவிட்டால் எல்லாம் அங்கேயே நடக்கும். எனக்கும் அங்கே ஓர் இடம் வைத்திருக்கிறாராம். அன்போடுதான் எழுதியிருக்கிறார். அந்த அன்புதான் பயமாக இருக்கிறது. உதயன் வெல்லாவெளியில் விவசாயப் போதனாசிரியர், பழுகாமத்தில் வயல். அவர் வரமாட்டார். மகள் தனுஷாவுக்கு ஒன்பது வயது. நான் தனியே போய்த் திரையில் பிள்ளை வளர்க்க வேண்டும், அல்லது இங்கே இருந்துகொண்டு வேலையை மறக்க வேண்டும்.

எனக்கு இரண்டும் வேண்டாம். வீடும் வேண்டும், வேலையும் வேண்டும். பேராசைதான்.

6 பெப்ரவரி, வியாழன்

சிலிக்கனைத் தொடுமுன் பழக ஒட்டிய கண்ணாடிகள் எல்லாம் உரிந்து வருகின்றன, வாழைப்பழத் தோல்போல. மூன்று நாள் மண்டையை உடைத்தபின் இன்று பிடிபட்டது: மின்விசிறி.

நம்மவர் யாரும் ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் கை போவது விசிறியின் சுவிட்சுக்கு. கதவைத் திறப்பதும் அதைத் தட்டுவதும் ஒரே அசைவு. அற்ககோல் வைத்துக் கண்ணாடியைத் துடைக்கிறோம், விசிறிக் காற்றில் அது சட்டென ஆவியாகிறது, கண்ணாடி குளிர்கிறது, நம் காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது. அந்தப் பனியின் மேல்தான் இவ்வளவு நாளும் பசை பூசியிருக்கிறோம்.

ஏசி போட்டுப் பார்த்தோம். மின் நின்றால் ஏசியும் நிற்கிறது, குளிர்ந்துபோன பொருளெல்லாம் வியர்க்கிறது. ஆகவே ஏசியும் இல்லை, விசிறியும் இல்லை.

11 பெப்ரவரி, செவ்வாய்

விசிறி இல்லாத அறையில் என் நெற்றி வியர்வை ஒரு சொட்டு, சரியாகப் பட்டியின் நடுவில். இனித் தலையில் துவாய் கட்டிக்கொண்டுதான் வேலை. ஸியாமுக்கு அது பொருந்துகிறது. நான் நெல் சூடடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

12 மார்ச், புதன்

நோன்பு மாதம். அந்த அடைத்த அறையில் தண்ணீர்கூட இல்லாமல் ஸியாம் நிற்பதைப் பார்க்க எனக்கு நாக்கு வறள்கிறது. மதியத்துக்குப் பின் ஒட்டுவேலை இல்லை என்று சொல்லிவிட்டேன். "எனக்கு ஒண்டுமில்ல மிஸ்" என்றார். "எனக்கு இருக்கு" என்றேன். நான் மட்டும் ஒளித்துத் தண்ணீர் குடிப்பதில் எனக்கென்ன பெருமை?

2 ஏப்ரல், புதன்

நேற்று ஸியாம் வீட்டில் பெருநாள் விருந்து. எங்கள் ஆரையம்பதியிலிருந்து அவருடைய காத்தான்குடிக்கு நடந்தே போகலாம். ஆனாலும் நான் அவர் வீட்டுக்குப் போனது இதுவே முதல் தடவை. அவர் மனைவி நிஸ்மியா வட்டிலப்பத்தை வெட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இவர் ஊட்டுலயும் விசிறி போட உடுறாரில்ல மிஸ், நீங்கதான் கெடுத்த" என்றார். தனுஷா மூன்று துண்டு சாப்பிட்டாள். நான் எத்தனை என்று எழுதமாட்டேன்.

24 ஏப்ரல், வியாழன்

நல்ல நாள். கண்ணாடியில் கடைசியாக ஒட்டிய பட்டிகளில் ஒன்றுகூட உரியவில்லை. இரண்டு மாதம் திறந்த அறையில் கிடந்தும் நிற்கிறது. மின் கொடுத்தோம்; வளைந்தது. எடுத்தோம், திரும்பியது. ஸியாம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இனிச் சிலிக்கன்தான்.

8 மே, வியாழன்

புதுப் பசை கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. எங்கள் குளிர்பெட்டி நேற்றுத்தான் செத்தது. இனி வெசாக் விடுமுறை. ஆகவே நாளைக்கே ஒட்ட வேண்டும். பத்தரைக்கு முன் தொடங்கிவிட்டால் எல்லாம் சரி.

ஏன் பத்தரை? நாளை வெள்ளி. வெள்ளியில் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். கேட்டால் எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பேன். ஆனால் தொடங்கமாட்டேன். கல்யாணம், பரீட்சை, விமானம், எதையுமே தொடங்கியதில்லை. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

9 மே, வெள்ளி

ஒட்டியாயிற்று.

நன்றாகத்தான் ஒட்டினோம் என்று எழுதப் போனேன். இது என் சொந்தக் கொப்பி. இதிலும் பொய் எழுதினால் நான் எங்கே போவேன்?

காலையில் மின் இரண்டு தடவை போனது. துடைத்து முடியப் பதினொன்றாகிவிட்டது. நான் திரும்பிப் பார்க்க, ஸியாம் பசையைக் கலந்து குமிழி எடுத்து ஆயத்தமாக வைத்திருக்கிறார். "ரெடி மிஸ்."

"கொஞ்சம் பொறுங்க. இன்னொருக்காத் துடைக்கிறன், தூசி மாதிரிக் கிடக்கு" என்றேன்.

தூசி இல்லை. நான் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாக, "பன்னெண்டுக்கா மிஸ்?" என்றார்.

"சீச்சீ. தூசி."

"பசை நமக்காகக் காத்து நிக்காது மிஸ்."

பேணியில் ஒரு மணித்தியாலம் என்று போட்டிருக்கிறதே என்றேன். போட்டிருக்கிறதுதான். குளிர் நாட்டு அறையில் வைத்துப் போட்டது. நம் வெக்கையில் பாதி நேரம்கூட நில்லாது என்பது முதலாம் வருடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

பன்னிரண்டானதும் "இப்ப" என்றேன். பசை பாணிபோல இழுபட்டது. பூசினோம். பட்டியை வைத்தோம். அவருக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போகவேண்டும். அதைப் பிற்போட ஏலாது. பட்டியை அமுக்கும் பாரக்கட்டிகளை ஓட்டமாக அடுக்கினார். "நான் நிக்கட்டா மிஸ்?" என்று கேட்டார். போங்கள் என்றேன். கடைசிக் கட்டிகளை நானே தனியாக வைத்தேன்.

பசை கொஞ்சம் இறுகியிருந்தது. கொஞ்சம்தான்.

10 மே, சனி

கொஞ்சம்தானா?

14 மே, புதன்

அளந்தோம். ஆடியின் நடுவில் புடைப்பு. அளவிக்குத்தான் தெரியும், கைக்குத் தெரியாது. ஆனால் எக்ஸ் கதிருக்கு அது மலை. கதிர் இதில் பட்டால் குவியாது, சிதறும். மின் கொடுத்தும் பார்த்தோம். ஆடியோடு சேர்ந்து புடைப்பும் வளைகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள்: பதறாத காரியம் சிதறாது. நான் முதலில் பதறவில்லை, அதுதான் கரைச்சல். ஆறப்போட்டுவிட்டு அதற்குப் பிறகு பதறினேன்.

15 மே, வியாழன்

சண்டை. இவ்வளவு காலத்தில் முதல் தடவை.

நான்தான் தொடங்கினேன். "நீங்க போற அவசரத்தில கட்டிய நேராக வைக்கயில்ல" என்றேன். சொல்லும்போதே அது அநியாயம் என்று தெரிந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை.

ஸியாம் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "ஓம் மிஸ், நான் ஜும்ஆவுக்கு அவசரப்பட்டன். நீங்க ராகு காலத்துக்கு ஆறப்போட்டீங்க. பசைக்கு ரெண்டும் இல்ல" என்றார்.

அப்ப அவருக்கு எப்பவோ தெரியும். எல்லாம் தெரியும்! நான் ஏதோ ஒளித்து வைத்திருப்பதாக — சே. வெட்கத்தில் காது சுட்டது. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது உதயன், "என்ன கா, முகம் கறுத்துக் கிடக்கு?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும். ராகு காலத்தையும். "மறுகா என்ன, கழட்டி ஒட்டு" என்றார். கழற்றவென்று செய்த பசையா அது? அவருக்கு எல்லாம் நாற்றுப்போலப் பிடுங்கி நடலாம் என்ற எண்ணம்.

23 மே, வெள்ளி

இங்க்ரிட்டுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். பிழை என்னுடையது என்று எழுதினேன். ராகு காலத்தை எப்படி எழுதுவது? "நாங்கள் பசையை அதிக நேரம் வைத்துவிட்டோம்" என்று மட்டும் எழுதினேன்.

உடனே பதில். கோபமில்லை. புதுச் சிலிக்கன் இந்த வருடம் இல்லை. ஜூலை முடிவுக்குள் நல்ல ஆடி இல்லையென்றால் ஒக்டோபர் நேரத்தை இன்னொரு குழுவுக்குக் கொடுக்கவேண்டி வரும். கடைசி வரி: "கவலைப்படாதே, உன் இடம் இங்கே இருக்கிறது."

கவலைப்பட்டேன்.

26 மே, திங்கள்

உதயன் சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கழற்ற ஏலுமா? சூடாக்கினால் இந்தப் பசை இளகும். இளகினாலும் பட்டியை இழுத்தால் சிலிக்கன் உடையும். இடையில் ஏதாவது மெல்லிய இழை நுழைந்தால் அரம்போல இழுத்து அறுக்கலாம். கம்பி என்றால் சிலிக்கனில் கீறும்.

ஸியாமிடம் சொன்னேன். சண்டைக்குப் பிறகு வேலைக்கு வேண்டிய சொல் மட்டும்தான் எங்களுக்குள். "தங்கூசி?" என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மீன்பிடிக்கும் நைலோன் நூல், ஆரையம்பதிக் கடையில் தொங்குவது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அத்தோடு சண்டை முடிந்தது என்று நினைக்கிறேன்.

3 ஜூன், செவ்வாய்

வந்துவிட்டது! வந்துவிட்டது!

ஆடியின் முகத்துக்கு மெல்லிய உறை போட்டுச் சூளையில் வைத்தோம். பசை இளகியதும் ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஸியாம், தங்கூசியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தோம். நூல் சூட்டில் அறுந்தது. புது நூல். அதுவும் அறுந்தது. கடைசியில் மெல்ல மெல்ல உள்ளே போனது. பட்டி உடைந்து துண்டு துண்டாக வந்தது; பட்டி வேறு இருக்கிறது, போகட்டும். சிலிக்கன் முழுசாகக் கையில் இருக்கிறது. ஒரு கீறல் இல்லை.

பிழையாக ஒட்டியதால்தான் பசை தடிப்பாக இருந்தது, தடிப்பாக இருந்ததால்தான் தங்கூசி நுழைந்தது. சரியாக ஒட்டியிருந்தால் தங்கூசி நுழைந்தே இராது. அதைச் சொல்லி ஸியாம் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். நல்ல சமாதானம்!

10 ஜூன், செவ்வாய்

ஊர் அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு. சனத்துக்குள் நசிபட்டு நின்று அம்மனைப் பார்த்தேன். கண்ணகை அம்மனுக்கே வருடத்துக்கொருமுறை கோபம் தணிக்கத் தண்ணீர் தேவைப்படுகிறது. எனக்கு என்மேல் இருந்த கோபம் ஒரு மாதத்தில் தணிந்தது பெரிய காரியம்தான்.

3 ஜூலை, வியாழன்

கச்சான் காற்று அடிக்கிறது. சூடு, தூசி, வெடித்த உதடு. ஊரே திட்டுகிறது, நான் மட்டும் கும்பிடுகிறேன். மேற்கிலிருந்து வரும் இந்தக் காற்றில்தான் ஈரமில்லை. ஜூன் முழுவதும் ஈரமானியைப் பார்த்ததில், பின்னேரம் மூன்றிலிருந்து நாலுக்குள்தான் அறை ஆகக் காய்ந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் ஒட்ட வேண்டும்.

7 ஜூலை, திங்கள்

பசை வந்தது. புதன் முழுநாளும் மின்வெட்டு என்று அறிவித்தல். ஆகவே நாளை. செவ்வாய்.

செவ்வாயில் ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை.

வேண்டுமென்றே யாரோ செய்கிறார்கள்.

8 ஜூலை, செவ்வாய்

மூன்று மணிக்கு ஈரமானி இந்த வருடத்திலேயே ஆகக் குறைவாகக் காட்டியது. ஸியாம் இன்னும் பசையைக் கலக்கவில்லை. பேணிகளை முன்னால் வைத்துக்கொண்டு நின்றார். மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நல்ல மனிதர்.

"அஸர் தொழுகை?" என்று கேட்டேன்.

"அது பொழுது படுறதுக்குள்ள தொழலாம் மிஸ். ஜும்ஆதான் அப்பிடியில்ல" என்றார். பிறகு, "உங்களுக்கு எப்பிடி?" என்றார்.

பயம். ஒளிக்க ஒன்றுமில்லை, நான் பயந்தேன். படிப்பு ஒரு பக்கம், அம்மா சொல்லித் தந்தது ஒரு பக்கம். சிலிக்கன் நடுவில். இது பிழைத்தால் நான் போகவேண்டும்; பிள்ளையை விட்டுவிட்டுப் போகவேண்டும். அந்த நினைப்பில் ராகு சின்னதாகிவிட்டது.

"கலக்குங்க" என்றேன்.

பசை நீர்போல ஓடியது. பட்டி உட்கார்ந்தது. பாரக்கட்டிகளை இருவரும் இரண்டு பக்கத்திலிருந்து ஒன்றாக வைத்தோம். முடிந்தபின் ஸியாம் தலைத் துவாயை அவிழ்த்துப் பிழிந்தார். நிலத்தில் ஒரு குளம். தொழப் போனார். நான் ஆடிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இருப்பதுபோல.

14 ஜூலை, திங்கள்

புடைப்பு இல்லை. எங்கும் இல்லை. திரும்பத் திரும்ப அளந்தோம்.

வரும் வழியில் உதயனுக்கு ஃபோன் எடுத்து அழுதேன். யாருக்கோ என்னவோ என்று அவர் பயந்துபோனார் பாவம்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

ஒரு மாதமாக ஆடி திறந்த அறையில் கிடக்கிறது. வடிவம் சற்று மாறியது, பிறகு நின்றுவிட்டது. இன்று விளையாட்டாக, பட்டி ஒட்டிய பழைய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட பெட்டிக்குள் மூடி வைத்தேன். காய்ந்தால் என்ன செய்யும் என்று பார்க்கலாம்.

1 செப்ரெம்பர், திங்கள்

மூடி வைத்த கண்ணாடி மறுபக்கமாக நகர்ந்தது, சில நாளில் நின்றது. வெளியே எடுத்து வைத்தேன். பழைய இடத்துக்கே திரும்புகிறது. பசை ஈரத்தைக் குடிக்கிறது, விடுகிறது. நாளுக்கு நாள் எவ்வளவு நகர்ந்தது என்று வளைகோடு வரைந்து வைத்தேன்.

16 செப்ரெம்பர், செவ்வாய்

ஆடியோடு யார் போவது? ஒருவருக்குத்தான் இடம். இங்க்ரிட் நான் வருவேன் என்று நினைக்கிறார். ஸியாம் போகட்டும் என்று எழுதிவிட்டேன். பட்டிகளுக்குக் கம்பி இணைத்தது அவர், அங்கே ஏதாவது கழன்றால் கை கொடுக்கவேண்டியது அவர். அது உண்மை. இன்னொரு உண்மையும் உண்டு: அந்த வளையம் இருக்கும் மண்டபத்தின் மணம் எனக்குப் பிடிக்கும். போனால் திரும்பிவர மனம் இடறும். உதயனிடம் இதைச் சொன்னேன். அவர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினார்.

4 ஒக்டோபர், சனி

ஸியாம் போய்விட்டார். ஆடிப் பெட்டியை மடியில் வைத்தபடியே பறந்திருக்கிறார். நிஸ்மியா கொடுத்துவிட்ட மாசிச் சம்பலை விமான நிலையத்தில் திறந்து பார்த்தார்களாம், ஆடியைப் பார்க்கவில்லையாம்.

9 ஒக்டோபர், வியாழன்

முதல் நாள் கதிர் குவிந்தது. அழகான சின்னப் புள்ளி, படம் அனுப்பினார்கள். தனுஷா பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான் மகள். இவ்வளவுக்குத்தான் எல்லாம்.

10 ஒக்டோபர், வெள்ளி

புள்ளி பெருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம். ஆடி வடிவம் மாறுகிறது.

ஸியாம் ஃபோன் எடுத்தார். "நான் ஒண்டும் செய்யல்ல மிஸ். தொடவும் இல்ல. தானாத்தான் போகுது."

நின்றால் இங்கே, நிற்காவிட்டால் அங்கே. அதுதான் பேச்சு. நிற்கவில்லை. சாண் ஏற முழம் சறுக்குகிறது. உதயனிடம் இன்னும் சொல்லவில்லை. பிள்ளையின் சீருடையை இரண்டு தடவை ஸ்திரி போட்டேன்.

11 ஒக்டோபர், சனி

காலையில் ஸியாம் மறுபடி ஃபோன் எடுத்தார். வேறு கதை பேசினோம். அங்கே காற்று எப்படி என்று சும்மா கேட்டேன். "என்ன காத்து மிஸ், தோலெல்லாம் வெள்ளையாப் பூத்து, ஒதடு வெடிச்சிட்டு. இங்க ஈரம் எண்டதே இல்ல" என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பிடிபட்டது.

ஆடி காய்கிறது! எட்டு மாதம் நம் காற்றைக் குடித்த பசை, அந்த வரண்ட மண்டபத்தில் — எட்டு இல்லை, மூன்று மாதம். என்ன எழுதுகிறேன். பெட்டிக்குள் மூடி வைத்த கண்ணாடி செய்த அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. அந்த வளைகோட்டை இங்க்ரிட்டுக்கு அனுப்பினேன். "தொடாதீர்கள். இந்தக் கோட்டின்படி போனால் திங்கட்கிழமை நின்றுவிடும்" என்று எழுதினேன்.

13 ஒக்டோபர், திங்கள்

நின்றுவிட்டது.

என் கோட்டின் மேலேயே வந்து நின்றது. மின்னைச் சரிசெய்ததும் புள்ளி மறுபடி முதல் நாள்போலச் சின்னதாகிவிட்டது. இங்க்ரிட் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். ஸியாம் தமிழிலேயே "அல்ஹம்துலில்லாஹ், இது எங்கட வாவிட ஈரம்" என்று சொல்ல, எல்லோரும் கைதட்டினார்களாம். என்ன விளங்கிக் கைதட்டினார்களோ.

17 ஒக்டோபர், வெள்ளி

இங்க்ரிட்டின் நீண்ட மெயில். அவர்களுடைய ஆடிகள் இத்தனை வருடமாக ஏன் மாறின என்று இப்போதுதான் விளங்குகிறதாம். கோடையில் குடித்து, குளிரில் காய்ந்து, மறுபடி குடித்து. இதை விரிவாகச் செய்யவேண்டும். என்னை வரச்சொல்கிறார். உதவிக்காரியாக அல்ல, பொறுப்பாளராக. எனக்கென்று ஓர் அறையே கட்டித் தருவார்களாம்: முப்பது பாகை வெப்பம், எண்பது வீதம் ஈரம், வருடம் முழுவதும் மாறாமல்.

தோற்றால் போகவேண்டி வரும் என்று பயந்தேன். வென்றதும் கூப்பிடுகிறார்கள். ஆசை இல்லை என்று எழுதமாட்டேன். இருக்கிறது.

உதயனுக்கு வாசித்துக் காட்டினேன். அறை என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "இன்னொருக்கா வாசி." வாசித்தேன். "அப்ப அங்க ஒரு மட்டக்களப்பக் கட்டப் போறாங்களா?" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் தனுஷா எழும்பி வந்துவிட்டாள்.

20 ஒக்டோபர், திங்கள்

தீபாவளி. பலகாரம் சுட்டு முடித்துவிட்டு எழுதினேன்: "நான் வரவில்லை. அந்த அறை இங்கே ஏற்கனவே இருக்கிறது, வாடகையும் இல்லை. ஆடிகளை அனுப்புங்கள். இங்கே ஈரமாக்கி அனுப்புகிறோம், அங்கே காயவைத்துப் பாருங்கள்." ராகு காலம் பார்த்தா அனுப்பினேன்? பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

29 ஒக்டோபர், புதன்

பதில் இல்லை. ஸியாம் வந்துவிட்டார், கொஞ்சம் வெளுத்து. இருவரும் மெயிலையே பார்க்கிறோம்.

6 நவம்பர், வியாழன்

இங்க்ரிட்: "சரி. ஈரம் உன்னுடையது, கற்றை எங்களுடையது. ஆறு ஆடிகள் வருகின்றன. மூன்று வருடம்."

காலையிலிருந்தே மழை. பழுகாமத்து வயல் வட்டையில் விதைப்பு முடிந்த கையோடு பிடித்த மழை. உதயன் ஃபோனில் குழந்தைபோலக் கத்தினார். ஈரமானி தொண்ணூற்றைத் தாண்டியது. இவ்வளவு நாளும் மழை வந்தால் நான் ஆய்வுகூட ஜன்னல்களைச் சாத்த ஓடுவேன். இன்று ஸியாம் மெயிலை வாசித்துவிட்டு எழும்பினார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். நான் தடுக்கவில்லை.